கராஜ் பக்கம்: கார்பைனுக்கு எந்த சைலன்சர்?

போன இதழில் காதுப் பாதுகாப்பு பற்றி எழுதும்போது போகிற போக்கில் இரண்டு வரி சேர்த்தேன். என் 9 எம்எம் கார்பைனுக்கு, அதாவது குட்டை ரைஃபிளுக்கு, சப்ரஸர் (சைலன்சர் என்பதும் இதைத்தான்; பேரல் என்கிற துப்பாக்கிக் குழலின் முனையில் திருகிச் சத்தத்தைக் குறைப்பது) மாட்டியபிறகு காது நிம்மதியாக இருக்கிறது, அது எவ்வளவு அழுக்குப் பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சமையலறைத் தராசே போதும், அவ்வளவுதான். புல்வெட்டும் இயந்திரம் பற்றி நான்கு பக்கம் எழுதியபோது வராத கடிதங்கள் இதற்கு வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான். கார் பிரேக் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணா, ரூகர் பிசி கார்பைன் வாங்கியிருக்கிறேன், 9 எம்எம். நண்பர் ஒருவர் தன் ஏஆர்-15 ரைஃபிளுக்காக வாங்கிய சப்ரஸரை விற்கிறேன் என்கிறார். சுடும் பயிற்சி ரேஞ்சில் அவர் எதிரிலேயே திருகிப் பார்த்தேன், என் பேரலில் கச்சிதமாக ஏறுகிறது. அதையே வாங்கிவிடலாமா, இல்லை கடையில் சொல்கிற பிஸ்டல் சப்ரஸரை எடுக்கலாமா?” — கேட்டி, டெக்சஸ்

சுட்டுப் பார்க்கவில்லையே தம்பி? அந்த வரையில் தப்பித்தீர்கள்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறையில் லேத் பிடித்த காலத்தில் எங்கள் ஃபோர்மேன் ஒன்று சொல்வார்: “ஏறுதுன்னா சேருதுன்னு அர்த்தமில்லடா.” உங்கள் கேள்விக்கு அதுதான் பதில். 5.56 எம்எம் தோட்டா சுடும் ஏஆர் பேரலின் முனையில் இருப்பது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. உங்கள் ரூகர் கார்பைனின் முனையிலும் அதே அரை அங்குலம், அதே 28. அதனால்தான் கச்சிதமாக ஏறியது. ஆனால் 5.56 தோட்டாவின் குண்டு 5.7 மில்லிமீட்டர் தடிமன், உங்களுடையது 9 மில்லிமீட்டர். அந்த சப்ரஸரின் உள்ளே இருக்கும் தடுப்புத் தட்டுகளின் ஓட்டை சின்னக் குண்டுக்காகப் போட்டது. உங்கள் 9 எம்எம் குண்டு முதல் தட்டிலேயே போய் முட்டும். சப்ரஸர் கிழியும், பேரல் போகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. பழைய 9 எம்எம் ஏஆர் வகை பேரல்கள் சிலவற்றில் அங்குலத்துக்கு 36 மரை போட்டிருப்பதைப் பார்க்கலாம். இந்தத் தவறு நடக்கக் கூடாது என்றுதான் வேறு மரை. 28 எங்கும் பரவியபிறகு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

பெரியதைச் சின்னதுக்குப் போடலாம், சின்னதைப் பெரியதுக்குப் போடக் கூடாது. .45 என்ற இன்னும் தடித்த தோட்டாவுக்குச் செய்த சப்ரஸரைச் சரியான அடாப்டர் வைத்து 9 எம்எம்-மில் மாட்டலாம், சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

சரி, கடைக்காரர் சொன்ன பிஸ்டல் சப்ரஸருக்கு வருவோம். அதை வாங்கலாம், ஆனால் அப்படியே மாட்டக் கூடாது. பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் ஒவ்வொரு முறை சுடும்போதும் பேரலே சற்றுப் பின்னால் வந்து சாயும். அதன் முனையில் 300 கிராம் எடையைத் தொங்கவிட்டால் பேரல் அசையாமல் முரண்டு பிடிக்கும், அடுத்த தோட்டா ஏறாது. அதற்காகத்தான் பிஸ்டல் சப்ரஸரின் அடியில் ஸ்பிரிங் போட்ட பிஸ்டன் ஒன்று வைத்திருப்பார்கள். பேரல் பின்னால் வரும், சப்ரஸர் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். கார்பைனில் பேரல் அசைவதே இல்லை. அங்கே அந்த ஸ்பிரிங்குக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத ஸ்பிரிங், ஒவ்வொரு வெடிக்கும் சப்ரஸரை முன்னும் பின்னும் இழுத்து அடிக்கும், நாளடைவில் உட்பாகத்தைக் கெடுத்துவிடும். அந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நிலையான ஸ்பேசர் போடவேண்டும், அல்லது பிஸ்டனையே எடுத்துவிட்டு நேரடி மரை அடாப்டர் போடவேண்டும். சில நூறு டாலர் கொடுத்து சப்ரஸர் வாங்குகிறவர்கள் இந்தச் சின்ன ஸ்பேசரை மறந்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கைத்துப்பாக்கியும் கார்பைனும் இரண்டும் வைத்திருப்பவருக்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை வசதி. ரக்கட் அப்சிடியன் 9, டெட் ஏர் வுல்ஃப்மேன் போன்றவற்றின் முன்பகுதியைக் கழற்றிக் குட்டையாக்கலாம். கார்பைன் மட்டும்தான் என்றால் என் யோசனை: முழு நீளத்தையே எடுங்கள். 16 அங்குலப் பேரலின் முனையில் இன்னும் இரண்டு அங்குலம் போனால் என்ன? சத்தம் நன்றாகவே குறையும். குட்டை சப்ரஸர் பார்க்க அழகு, அதைத் தாண்டி நான் பெரிதாக ஒன்றும் கண்டதில்லை.

மாட்டும்போது ஒன்று. பேரலின் மரை முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கும், ஷோல்டர் என்பார்கள். சப்ரஸர் அந்தப் படியில் பட்டு உட்காரவேண்டும். இடையில் நசுங்கும் வாஷர் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது ஒரு பக்கமாக நசுங்கி சப்ரஸரைக் கோணலாக்கும். மரை ஓட்டிய இடத்தில் 9 எம்எம் பேரலின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. லேத் பிடித்தவனுக்கு அதைப் பார்த்தாலே கை கூசும். எங்கும் இடித்துவிடாதீர்கள். முதல் முறை மாட்டும்போது, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, நேர்க்கோல் ஒன்றைப் பேரல் வழியாக விட்டு, அது சப்ரஸர் ஓட்டையின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். அளவெடுத்துச் செய்த கோல் கடையில் கிடைக்கும். கையில் கிடைத்த கம்பியை விட்டுப் பார்க்காதீர்கள், கம்பியே வளைந்திருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முறை ரேஞ்சுக்குப் போன நாள், பேச்சு சுவாரசியத்தில் மூன்று மேகசின் (தோட்டாக் கூடு) தொடர்ந்து சுட்டேன், இறுக்கம் பார்க்கவில்லை. நான்காவதில் சத்தம் மாறியது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் சப்ரஸர் முக்கால் சுற்று கழன்றிருக்கிறது, முன்மூடியின் ஓட்டையில் ஐந்து மணி திசையில் நகம் அளவுக்குப் பிறை வடிவில் ஒரு வெட்டு. மரை கழன்ற கேஸ் என்று நம் ஊரில் சொல்வார்களே, அன்றைக்கு நான் நிஜமாகவே அதுதான். பதிவு எண் பொறித்த குழாய் தப்பியதால் செய்தவர்களுக்கே அனுப்பி மூடியை மட்டும் மாற்றிக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு மேகசினுக்கும் ஒரு முறை தடிமனான கையுறை போட்டுத் திருகிப் பார்க்கிறேன். வெறும் கையால் தொடாதீர்கள், தோசைக்கல் சூடு.

கடைசியாக, நண்பரிடமிருந்து கைமாற்றாக வாங்கிக்கொள்கிற பொருள் இல்லை இது. அவர் உங்களுக்கு விற்பதாக இருந்தாலும் ஃபார்ம் 4 என்ற மத்திய அரசுக் கைமாற்று விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்தபிறகுதான் கைமாறவேண்டும்.

“கடையில் சைலன்சர் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சப்ரஸர் என்றுதான் சொல்லவேண்டுமாமே?” — டல்லஸ்

சிரிக்கட்டும். அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் சொல்லே சைலன்சர்தான். இதை விற்பனைக்குக் கொண்டுவந்த ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை வாங்கினார், ‘மாக்சிம் சைலன்சர்’ என்றே விற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன். அப்பா உலகத்தையே செவிடாக்கினார், மகன் காதுக்கு வழி தேடினார் என்று எனக்குத் தோன்றும். வண்டிப் புகைபோக்கியின் சத்தத்தை அடக்குவதற்கும் அதே யோசனைதான்: சூடான வாயுவை அறை அறையாக விட்டு வேகத்தையும் சூட்டையும் குறைப்பது. அந்த வகையில் நம் ஊர் புல்லட் பைக்கின் சைலன்சரும் இதற்குச் சொந்தம்தான்.

“சார், 800 டாலர் கொடுத்து வாங்கினேன். சினிமாவில் வருவது மாதிரி ‘ப்ஸ்க்’ என்று வரவே இல்லை. சாட்டை அடித்த மாதிரி ‘டப்’ என்று கேட்கிறது. பொருள் கோளாறா, தோட்டா கோளாறா?” — ராலே, நார்த் கரோலினா

இரண்டும் இல்லை, சினிமா கோளாறு.

9 எம்எம் கார்பைன் வெறுமனே சுட்டால் முனையில் ஏறக்குறைய 155 முதல் 160 டெசிபல். நல்ல சப்ரஸர் அதில் 25, 30 குறைக்கும். மிச்சமே 130-ஐ ஒட்டி நிற்கிறது. 140 டெசிபலைத் தாண்டுகிற வெடிச்சத்தத்துக்குக் காதைக் காட்டக் கூடாது என்று இங்கே தொழிற்சாலைப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்த எல்லைக்குக் கீழே கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். பட்டறையில் ஆறு வருஷம் காதடைப்பு இல்லாமல் நின்றதில் என் இடது காதில் வண்டு ரீங்காரம் நிரந்தரக் குடித்தனம். அதனால் சப்ரஸர் மாட்டியும் காதுமூடி போட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்கிற சாட்டையடி முனையிலிருந்து வருவதில்லை. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் காற்றில் எழுகிற சத்தம் அது, சப்ரஸருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். கடையில் மலிவாகக் கிடைக்கும் 115 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) தோட்டா 16 அங்குலப் பேரலில் அதைத் தாண்டித்தான் போகும். 124 கிரெயினும் கைத்துப்பாக்கியிலேயே எல்லையை ஒட்டி நிற்பது, கார்பைனின் நீளப் பேரலில் இன்னும் வேகம் எடுத்துத் தாண்டிவிடும். 147 கிரெயின், அதாவது ஒன்பதரை கிராம் குண்டு, வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் சாட்டையடி போய்விடும், போல்ட் (தோட்டாவின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் துண்டு) முன்னும் பின்னும் அடிக்கிற ‘கடக்’ சத்தம் உங்களுக்கே தனியாகக் கேட்கும்.

குளிர்காலத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். உறைநிலையில் ஒலியின் வேகம் 331 மீட்டராக இறங்கிவிடும். அக்டோபரில் அமைதியாகப் போன அதே டப்பா தோட்டா ஜனவரி காலையில் இரண்டுக்கு ஒன்று சாட்டை அடிக்கலாம். .45 கார்பைன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. வழக்கமான 230 கிரெயின் குண்டு பிறவியிலேயே மெதுவாகப் போவது.

முதல் வெடி மட்டும் அடுத்தவற்றைவிடச் சத்தமாக இருந்தால் அதுவும் இயல்புதான். உள்ளே தங்கியிருக்கும் காற்றில் எரியாத வாயு பற்றிக்கொள்கிறது.

“எச்-1பி விசாவில் இருக்கிறேன். 200 டாலர் வரியை எடுத்துவிட்டார்களாம், இனி யார் வேண்டுமானாலும் வாங்கலாமா?” — எடிசன், நியூ ஜெர்சி

வேண்டாம். வரிதான் போனது. 1934-இலிருந்து இருந்த 200 டாலர், 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்குப் பூஜ்யம். பதிவு, புகைப்படம், கைரேகை, பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் தடை இரண்டு. நியூ ஜெர்சியில் பொதுமக்கள் இதை வைத்திருக்கவே முடியாது. கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய், மாசசூசெட்ஸ் எல்லாம் அதே கதை. அடுத்தது, எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அலுவலக நண்பர் சொன்னார் என்று இறங்காதீர்கள், வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள். சட்டப்படி சப்ரஸரும் ‘துப்பாக்கி’ என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. கிரீன் கார்டு வரட்டும், வேறு மாநிலத்துக்கும் மாறுங்கள், பிறகு பார்க்கலாம். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதக்கூட பயமாக இருக்கிறது.

“நான் இடது கைக்காரன். சப்ரஸர் மாட்டியதிலிருந்து முகத்தில் புகை அடிக்கிறது, கண் எரிகிறது.” — டல்ஸா, ஓக்லஹோமா

பெரும்பாலான 9 எம்எம் கார்பைன்களில் போல்ட்டைப் பூட்டி வைப்பது எதுவும் இல்லை, அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் தாங்குகின்றன. சப்ரஸர் வாயுவை முன்னால் தடுத்தால் அது பின்னால் வழி தேடும், காலித் தோட்டா வெளியேறும் வாசல் வழியாக வரும். வலதுகைக்காரருக்கு அது முகத்துக்கு மறுபக்கம், உங்களுக்கு நேராக மூக்கில். ரூகரில் போல்ட் கைப்பிடியை இடதுபக்கம் மாற்றலாம், வாசலை மாற்ற முடியாது. பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடி போடுங்கள், காற்று முதுகிலிருந்து வரும்படி நில்லுங்கள், மூடிய அறை ரேஞ்சைத் தவிருங்கள். வாயுவை முன்னால் அதிகம் விடுகிற சப்ரஸர் வகை இருக்கிறது, விலை கூடுதல். எச்கே எஸ்பி5 மாதிரி போல்ட் திறப்பதைத் தாமதப்படுத்துகிற துப்பாக்கியில் இந்தத் தொல்லை குறைவு. அதன் விலையைக் கேட்டால் கண்ணீர் வேறு காரணத்துக்கு வரும்.

“வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் சப்ரஸரைப் போட்டால் பளபள என்று ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?” — ஃபீனிக்ஸ், அரிசோனா

செய்யாதீர்கள். பளபளப்பு நிஜம்தான், ஆனால் குண்டுகளிலிருந்து வந்து உள்ளே படிந்திருந்த ஈயம் எங்கே போகிறது? கரைசலுக்குள் ஈய அசிடேட்டாகக் கரைந்து நிற்கிறது. உலோக ஈயத்தைவிட அது மோசம், உடம்பில் எளிதில் ஏறும். அதைச் சாக்கடையிலும் ஊற்ற முடியாது, தோட்டத்திலும் ஊற்ற முடியாது. அலுமினியத் தட்டுகளாக இருந்தால் அவற்றையும் அரித்துவிடும்.

என் முறை ரொம்பச் சாதாரணம். புதிதாக வாங்கிய அன்றே எடை போட்டு, எண்ணை டப்பாவின் மூடியில் மார்க்கரால் எழுதினேன்: 312 கிராம். ரேஞ்சிலிருந்து வந்ததும் ஒரு முறை எடை போடுவேன். 340-ஐத் தாண்டியபிறகுதான் கழற்றுவேன். உங்கள் பொருளுக்கு எத்தனை என்பதைக் கையேட்டில் பாருங்கள். வாரா வாரம் கழற்றுவது வேண்டாத வேலை, மரைதான் தேயும். கழற்ற முடியாதபடி வெல்டிங் செய்த சப்ரஸரானால் செய்தவர்கள் சொன்னதைத் தாண்டி எதுவும் செய்யாதீர்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு தட்டையும் எடுத்த வரிசையில் பழைய துண்டின் மேல் வைத்து ஃபோட்டோ எடுங்கள். முதல் தட்டு மட்டும் வேறு உலோகமாக இருக்கலாம், இடம் மாறினால் வம்பு. நைட்ரில் கையுறை போட்டு, துப்பாக்கி சுத்தம் செய்யும் சால்வெண்டில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் ஈரத்தோடு தேயுங்கள். காய்ந்த கரியைச் சுரண்டவே கூடாது, தூசியாகப் பறந்து மூக்குக்குள் போகும். அல்ட்ராசோனிக் தொட்டி இரும்பு வகைகளுக்கு நல்லது, அலுமினியத்துக்கு அதன் கரைசல் ஒத்துக்கொள்கிறதா என்று லேபிளைப் படித்துவிட்டு இறக்குங்கள். மிச்சத் திரவத்தை மூடி போட்ட டப்பாவில் சேர்த்துவைத்து உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். மரையில் சூடு தாங்கும் கிரீஸ் பொட்டளவு. ஒரு வருஷம் சோம்பேறித்தனமாக அப்படியே விட்டேன், கரி பிடித்துப் பூட்டிக்கொண்டது. இரண்டு ராத்திரி ஊறவைத்து, பட்டை ரெஞ்சு போட்டு, என் மச்சான் ஒரு பக்கம் பிடிக்க நான் ஒரு பக்கம் திருக, ஒரு வழியாக வந்தது.

முழுக்க செம்பால் மூடிய குண்டுகள் வாங்கினால் ஈயம் குறையும். சாதாரணக் குண்டின் அடிப்பாகம் திறந்திருக்கும், சூடான வாயு நேராக ஈயத்தை நக்கும்.

உதிரித் தட்டு ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் அந்தத் தட்டே ஒரு சைலன்சர். பதிவு இல்லாமல் வைத்திருந்தால் 10 வருஷம் வரை சிறை.

“ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர் இட்லிக்கு அரிசி நிறுக்கும் தராசை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கறுப்புக் குழாயை அதில் வைக்கிறார். போன வாரம் சமையலறைத் தொட்டியிலேயே அதைக் கழுவினார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள். இது சரியா?” — ஷுகர் லேண்ட், டெக்சஸ்

தவறு என்னுடையது அம்மா. ‘சமையலறைத் தராசு மாதிரி ஒன்று’ என்று எழுதியிருக்கவேண்டும். அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அந்தத் தராசு இனி அவருடையதே, உங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். தொட்டியைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தேய்த்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள். இனிமேல் அந்த வேலை கராஜில், கதவைத் திறந்துவைத்து. ரேஞ்சிலிருந்து வந்த சட்டையைத் தனியாகத் துவைக்கவேண்டும், கை முகம் கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்கவேண்டும் என்று இங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஈயப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள், சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். அவர் தன் தனிப்பெயரில் பதிவு செய்திருந்தால், அவர் ஊரில் இல்லாதபோது அது உங்கள் கைவசம் இருக்கக் கூடாது. பெட்டகத்தின் எண் அவருக்கு மட்டும் தெரியவேண்டும். டிரஸ்ட் பெயரில் வாங்கி உங்களையும் அதில் சேர்த்திருந்தால் பிரச்சினை இல்லை. எந்த வகை என்று இன்றைக்கே கேளுங்கள்.

என் வீட்டில் தராசு இரண்டு. ஒன்றின் மேல் சிவப்பு டேப் சுற்றியிருக்கும், அது கராஜ் படியைத் தாண்டி உள்ளே வராது. சுற்றியது நான் இல்லை, என் மனைவி.